மாடியில் முதல் பத்துப் பைகள்: புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

மாடித்தோட்டத்தில் புதியவர்களின் செடி பூச்சியால் சாவதை விட, தண்ணீராலும் மண்கலவையாலும் சாவதுதான் அதிகம். பையில் இருக்கும் வேருக்குத் தப்பிக்க வழியில்லை. நிலத்தில் என்றால் தண்ணீர் தேங்கினால் பக்கத்தில் வடியும், காய்ந்தால் வேர் ஆழத்துக்குப் போகும். ஓரடி ஆழப் பையில் நாம் என்ன போடுகிறோமோ, எவ்வளவு ஊற்றுகிறோமோ அதுதான் கதி. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, கலவையையும் தண்ணீரையும் பற்றியது. அது இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் வெண்டையும் கத்தரியும் தாமாகவே காய்க்கும்.

தொடங்கும்போது பத்துப் பை போதும். ஐம்பது பையில் ஆரம்பித்தால் மூன்றாவது மாதம் தண்ணீர் ஊற்றவே அலுத்துப்போகும். பத்துப் பைக்கான கணக்கு இது: கீரைக்கு இரண்டு நீள்சதுரப் பை, வெண்டைக்கு நான்கு, கத்தரிக்கு இரண்டு, மிளகாய்க்கு ஒன்று, குண்டுமல்லிக்கு ஒன்று. தக்காளியை முதல் பட்டத்தில், அதாவது முதல் விதைப்புப் பருவத்தில், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும். தண்ணீர் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்று ஆனால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். ஒரு பட்டம் பழகிவிட்டு, தைப்பட்டத்தில் அதை வையுங்கள்.

இடமும் பாரமும்

காய்கறிக்கு ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் நான்கு மணி நேரம் போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டின் நிழலும் எங்கே, எத்தனை மணிக்கு விழுகின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவனித்த பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பாரம். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. 15 அங்குல விட்டமும் 15 அங்குல உயரமும் உள்ள பை நனைந்த நிலையில் 40 கிலோ வரை வரும். ஆகவே ஒரு சதுர மீட்டருக்குள் மூன்று பைக்கு மேல் நெருக்க வேண்டாம். கைப்பிடிச் சுவரை ஒட்டியும் கீழே சுவரோ பீமோ வரும் கோட்டிலும் வைப்பது நல்லது. மரக்கட்டை போட்டுக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், பொறியாளரிடம் காட்டாமல் ஒரு பையும் ஏற்றாதீர்கள்.

பையைத் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது. மூன்று செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ போட்டு அதன் மேல் வையுங்கள். அடியில் காற்று போனால் தளம் காயும், பாசி பிடிக்காது, வெளியே வரும் வேர் ஓட்டு இடுக்கைத் தேடிப் போகாது. மழைநீர்க் குழாயின் வாயை எந்தப் பையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஐப்பசி மழையில் மாடி முழுக்கத் தண்ணீர் நிற்க அது போதும்.

பை வாங்கும்போது

எச்.டி.பி.இ. என்னும் அடர்த்தியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் நெய்த பைதான் நிலைக்கும். வெயிலில் நான்கைந்து வருடம் தாங்கும். மெல்லிய பிளாஸ்டிக் பை இரண்டு கோடையிலேயே பொடியாகி உதிரும். அளவு கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சிலர் பையைத் தட்டையாக மடித்து அளந்து "12 அங்குலம்" என்பார்கள். அதையே விரித்து மண் நிரப்பினால் விட்டம் எட்டு அங்குலம் கூட வராது. விரித்த நிலையில் விட்டம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். வெண்டை, கத்தரி, மல்லிகைக்கு 15-க்கு 15 அங்குலம். மிளகாய்க்கு 12-க்கு 12. கீரைக்கு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 9 அங்குல உயரம்.

அடியில் நான்கு முதல் ஆறு துளைகள் வேண்டும், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. துளை மேல் ஒரு கைப்பிடி தேங்காய் நாரைப் பரப்பினால் அடைக்காது. மூன்று அங்குலத்துக்கு ஜல்லி போடச் சொல்வார்கள், போடாதீர்கள். நுண்ணிய கலவையிலிருந்து தண்ணீர் ஜல்லிக்கு எளிதில் இறங்காது. கலவையின் அடிப்பகுதியிலேயே தேங்கி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் இடம் குறைவதும் பாரம் கூடுவதும்தான் மிச்சம்.

கலவை

செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம், மூன்றும் சம அளவு. எடைக் கணக்கு வேண்டாம், ஒரே பக்கெட்டால் அளந்து போடுங்கள். மேலே சொன்ன பத்துப் பைக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 340 லிட்டர் கலவை தேவைப்படும். அதற்கு வாங்க வேண்டியவை:

- செம்மண்: சிமென்ட் சாக்கில் மூன்றரைச் சாக்கு
- நார்க்கழிவுக் கட்டி: 5 கிலோ கட்டி இரண்டு (ஒன்று ஊறினால் 70 லிட்டர் வரை வரும், மிச்சம் நாற்றுக்கு ஆகும்)
- மண்புழு உரம்: 60 கிலோ
- வேப்பம்புண்ணாக்கு: ஒரு கிலோ, பெரிய பைக்கு 100 கிராம் வீதம்
- ட்ரைக்கோடெர்மா விரிடி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா: தலா 200 கிராம்

கடைசியில் உள்ள மூன்றும் செடிக்கு உதவும் நுண்ணுயிர்கள். தோட்டக்கலைத் துறை அலுவலகங்களிலும் வேளாண் இடுபொருள் கடைகளிலும் கிடைக்கும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். உயிருள்ள பொருள் அது, தேதி தாண்டியதைப் போட்டுப் பயனில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுக்கும் காலத்தில், பை, நார்க்கழிவு, விதை எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

நார்க்கழிவை அப்படியே கலப்பதுதான் பலர் செய்யும் முதல் பிழை. அதில் உப்பு இருக்கும். கட்டியைப் பெரிய தொட்டியில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பார்த்தால் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருக்கும். வெங்காயச் சாக்கில் கொட்டி வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி, மறுபடி வடியுங்கள். இப்படி மூன்று தடவை செய்தால் தண்ணீர் வெளிர் மஞ்சளுக்கு வரும், அது போதும். உப்புப் போகாத நார்க்கழிவில் விதை முளைக்கும், ஆனால் இரண்டாவது வாரத்தில் இலையின் ஓரம் கருகத் தொடங்கும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் வைத்தால் கதை முடிந்தது.

தொழுவுரம் பயன்படுத்தினால் அது மக்கியதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் சூடோ சாண வாடையோ இருக்கக் கூடாது, பொலபொலவென்று உதிர வேண்டும். பச்சைச் சாணம் பைக்குள் மக்கும்போது சூடு கிளப்பும், வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவையும் கூட்டி வரும்.

எல்லாவற்றையும் தார்ப்பாய் மேல் கொட்டி, மண்வெட்டியால் இரண்டு முறை புரட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பையில் நிரப்புங்கள். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நிறுத்த வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் ஊற்றும் தண்ணீர் மண்ணோடு வழிந்து ஓடிவிடும். நிரப்பியதும் விதைக்காதீர்கள். பத்து நாள், ஈரம் மட்டும் காயாமல் தெளித்துக்கொண்டு நிழலில் விட்டுவிடுங்கள். புண்ணாக்கின் சூடு அடங்கும், நுண்ணுயிர் பெருகும், கலவையும் ஒரு அங்குலம் இறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே நிரப்பிக்கொள்ளலாம்.

விதைப்பு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மாடிக்கும் பொருந்தும். ஆனியில் கலவையைத் தயார் செய்தால், ஆடியில் விதைத்துப் பெருமழை வருவதற்குள் செடி காலூன்றிவிடும். அடுத்த நல்ல காலம் தை. சித்திரையில் தொடங்கவே வேண்டாம். அக்கினி நட்சத்திர வெயிலில் தளத்தின் சூடும் சேர்ந்து நாற்றைச் சுருட்டிவிடும்.

முதலில் கீரை. காரணம், 25 நாளில் கையில் பலன் கிடைக்கும். புதியவருக்கு அந்த ஊக்கம் தேவை. ஒரு பையில் சிறுகீரை, இன்னொன்றில் அரைக்கீரை. பைக்குக் கால் தேக்கரண்டி விதை போதும். அதை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மெல்லியதாகக் கலவையைத் தூவி மூடி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும், கவனம். பையைச் சுற்றி மஞ்சள்தூள் போடுவார்கள். அதை விட, முளைக்கும் வரை ஈரச் சாக்கால் மூடி வைத்து, நான்காம் நாள் முளை தெரிந்ததும் எடுத்துவிடுவது பலன் தரும். ஒரு நாள் தாமதமானாலும் முளை வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும், அதனால் மூன்றாம் நாளிலிருந்தே தூக்கிப் பாருங்கள். சிறுகீரையை வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். அரைக்கீரையை இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு கைப்பிடி மண்புழு உரம்.

வெண்டையை நேரடியாகப் பையில் விதைக்க வேண்டும். பைக்கு நான்கு விதை, ஒரு செ.மீ. ஆழம். முளைத்த பத்து நாளில் திடமான இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். நான்கு பையில் எட்டுச் செடி. ஏன் எட்டு என்றால், காய்ப்புக்கு வந்த செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் தரும். நான்கு நாள் காயைச் சேர்த்தால்தான் நால்வர் வீட்டுக்கு ஒரு பொரியல் ஆகும். இரண்டே செடி வைத்தவர்கள் காயைக் குளிர்சாதனப் பெட்டியில் முற்ற விட்டுவிட்டு "மாடியில் ஒன்றும் வராது" என்று முடிவுகட்டுகிறார்கள். 40 நாளில் பூக்கும், 45-லிருந்து 50 நாளில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் செடியில் விட்டால் அடுத்த பூ குறையும்.

கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டு நடுபவை. குழித்தட்டில் நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை. கத்தரி 25-லிருந்து 30 நாளிலும் மிளகாய் 35-லிருந்து 40 நாளிலும் நடவுக்கு வரும். நடுவதற்கு முன் ஒரு வாரம் தட்டைக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள். சாயங்காலம்தான் நட வேண்டும். நட்ட மூன்று நாளைக்கு மேலே ஒரு துணி நிழல். பைக்கு ஒரே கத்தரிச் செடி, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இரண்டு வைத்தால் இரண்டும் ஒல்லியாகி, இரண்டின் காயும் சேர்ந்து ஒன்றின் காய்க்குச் சமமாகாது.

தண்ணீர்

வேளைக்கு ஒரு குவளை என்று கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமும் மண்ணும் ஒட்டினால் இன்று வேண்டாம். காய்ந்து வந்தால் அடித்துளையில் தண்ணீர் கசியும் வரை நிதானமாக ஊற்றுங்கள். கசிந்ததும் நிறுத்துங்கள். காய்க்கும் செடி உள்ள பெரிய பைக்குச் சாதாரண நாளில் ஒன்றரை லிட்டர் வரை, கடும் கோடையில் காலை மாலை இரண்டு வேளை ஆகலாம். விரல்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் ஒரு காட்சி உண்டு. மதியம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போனால் கத்தரி இலைகள் துவண்டு தொங்கும். உடனே ஒரு பக்கெட் ஊற்றத் தோன்றும். விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் அது தாகமில்லை. வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான். ஐந்தரை மணிக்குத் தானாக நிமிரும். அந்த மதியத்தில் தினமும் ஊற்றினால் வேரைச் சுற்றிக் காற்றே இல்லாமல் போய் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. செடி மேலும் துவளும், நாம் மேலும் ஊற்றுவோம். காலையிலும் நிமிராமல் தொங்கி, மண்ணும் ஈரமாக, பையை மோந்தால் புளித்த வாடையும் வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். தண்ணீரை நிறுத்திவிட்டு, ஒரு கம்பியால் அடித்துளைகளைக் குத்தித் திறந்து, நிழலுக்கு நகர்த்துங்கள். நான்கைந்து நாளில் புதுத் தளிர் தெரிந்தால் பிழைத்தது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக உள்ள இடங்களில் மண் மேல் வெள்ளைப் படிவு வரும். மாதம் ஒருமுறை, கிடைக்கிற நல்ல தண்ணீரைப் பையின் அடியில் தாராளமாக வழியும் அளவு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வீட்டுத் தண்ணீரில் உள்ள உப்பு முழுக்கச் செறிந்து வருவது அதில்தான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலை தலைகீழ். உரம் எதுவும் வைக்காதீர்கள், கரைந்து ஓடிவிடும். வாரம் ஒருமுறை துளைகளைக் கம்பியால் குத்துங்கள். நாற்றுத் தட்டைக் கூரைக்கு அடியில் வையுங்கள். மல்லிகைக்கும் கத்தரிக்கும் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

ஊட்டம்

நட்ட 20 நாள் வரை எதுவும் தேவையில்லை, கலவையில் உள்ளதே போதும். அதன் பிறகு 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறி விடுங்கள். பூக்கும் பருவத்தில் கடலைப் புண்ணாக்குக் கரைசல் நல்ல பலன் தரும்: 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, செடிக்கு அரை லிட்டர். பஞ்சகவ்யா என்றால் லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டி இலையில் தெளிக்கலாம். ஒன்றைப் பின்பற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஊற்ற வேண்டாம். இலை கரும்பச்சையாக, பெரிதாக, பூவே இல்லாமல் இருந்தால் தழைச்சத்து அதிகமாகிவிட்டது. கரைசலை ஒரு மாதம் நிறுத்துங்கள்.

பூச்சியும் நோயும்

காலையில் தண்ணீர் ஊற்றும்போதே ஒவ்வொரு செடியிலும் இரண்டு இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எந்த மருந்தையும் விட மேலானது. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி மூன்றும் இலையின் அடியில்தான் தொடங்கும். பத்திருபது இருக்கும்போது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். அது இருக்கும் இடத்தில் எறும்பும் இருக்கும். எறும்பு வரிசையாக ஏறும் செடியை முதலில் பாருங்கள்.

பெருகிவிட்டால் வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்தால்தான் கலக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்து, வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் தொடருங்கள். பகல் வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

கத்தரியில் நுனித் தளிர் மட்டும் தலைசாய்ந்து நின்றால் தண்டுத்துளைப்பான் உள்ளே இருக்கிறது. சாய்ந்த இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பார்த்தால் இளஞ்சிவப்புப் புழு இருக்கும். வெட்டியதை மாடியிலேயே போட்டுவிடாமல் அழித்துவிடுங்கள். விட்டால் அடுத்து காய்க்குள் போகும். வெண்டையின் இலை நரம்பு மஞ்சளாக வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய். அதற்கு மருந்தில்லை. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் எட்டுக்கும் பரவும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிலந்திப்பேன்.

குண்டுமல்லி

பூச்செடியில் முதலாவதாக ரோஜா வாங்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். தள்ளுவண்டியில் வரும் ரோஜாவின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே நட்டால் புதுக் கலவையின் தண்ணீர் உருண்டைக்குள் போகாது. ஒரு மாதம் பூத்துவிட்டுப் பட்டுப்போகும். முதல் பூச்செடியாக மல்லிகையே சிறந்தது. ராமநாதபுரம் பக்கம், குறிப்பாகத் தங்கச்சிமடத்தில், பதியம் போடும் குண்டுமல்லி நாற்றுகளுக்கு நல்ல பெயர். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் வைத்தால் இலைதான் வரும்.

மல்லிகையின் ரகசியம் கவாத்தில் இருக்கிறது. கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டு, மேல்மண்ணைக் கிளறித் தொழுவுரம் வையுங்கள். மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதுக் கிளையில்தான் மொட்டு வரும், மாசி பங்குனியில் பூக்கத் தொடங்கிவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும்.

வீட்டுக்குள் வைக்கிறவை

மணி பிளாண்ட்டும் பாம்புக் கற்றாழையும் போதும். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத வெளிச்சம். மணி பிளாண்ட்டைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். கணு இல்லாத துண்டு எத்தனை நாள் வைத்தாலும் செடியாகாது. பாம்புக் கற்றாழைக்கு மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர், மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படாது. இரண்டுமே தின்னக்கூடாதவை. தவழும் குழந்தையோ நாய் பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் நிற்க விட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். ஊற்றிய அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

காய்ப்பு ஓய்ந்த பிறகு

கத்தரியைப் பிடுங்காதீர்கள். முதல் காய்ப்பு ஓய்ந்ததும் அடியிலிருந்து ஓரடி விட்டு வெட்டி, உரம் வைத்தால் மறுபடி தழைத்துக் காய்க்கும். வெண்டை மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதை எடுத்த பையைத் தார்ப்பாயில் கொட்டி, பழைய வேர்களைப் பொறுக்கி, ஒரு வாரம் நல்ல வெயிலில் காய விடுங்கள். மூன்று பங்கு பழைய கலவைக்கு ஒரு பங்கு புது மண்புழு உரம், பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு சேர்த்துப் பத்து நாள் ஆற வைத்தால் அடுத்த பட்டத்துக்குத் தயார். வெண்டை இருந்த பையில் அவரையோ கொத்தவரையோ போடலாம். கத்தரி இருந்த பையில் மட்டும் தக்காளியும் மிளகாயும் வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் வாடல் நோய் மண்ணில் இருந்து மற்றதற்கும் வரும். அந்தப் பைக்குக் கீரை விதையுங்கள்.